குதிரையை வாங்கக் காசு இருக்கிறது, வைத்துப் பார்க்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்குவழிச்சாலை ஓரத்தில் விழுந்து கிடந்த கிழட்டுக் குதிரை ஒன்றை இளைஞர்கள் சிலர் மீட்ட செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். எல்லோரும் சேர்ந்து தூக்கி மினி லாரியில் ஏற்றினார்கள், குதிரைக்காரரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அவர் கையிலிருந்து அதை மீட்டார்கள் என்று எழுதியிருந்தது. பாராட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உச்சி வெயிலில் கிடக்கிற சீவனைப் பார்த்துவிட்டு பைக்கை நிறுத்தியவன் நல்ல தாய்க்குப் பிறந்தவன்தான். எனக்கு உறுத்துவது அந்தப் பன்னிரண்டாயிரம். அப்புறம், அதற்குப் பின்னால் வந்த, யாரும் எழுதாத செலவு.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்குநேரி, களக்காடு, முக்கூடல் என்று மாறி மாறி வேலை பார்த்தேன். வேலையில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். குதிரை எனக்கு வீட்டில் பழக்கம். எங்கள் அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் ஜட்கா ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுலோச்சனா முதலியார் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போவார். ஆட்டோ பெருகியதும் அந்தத் தொழில் போயிற்று.

செய்தியைப் படித்துவிட்டு அந்தக் குதிரையைப் பார்க்கப் போனேன். கே.டி.சி. நகருக்கு அப்பால் ஒரு காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். பெண் குதிரை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்வரிசையில் கடைசி முன்பல்லில் பத்து வயது வாக்கில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தெரிய ஆரம்பிக்கும். வயது ஏற ஏற அது கீழே இறங்கும். இருபதில் பல்லின் நுனி வரை வந்துவிடும், அதற்குப் பிறகு ஈறு பக்கத்திலிருந்து அழிய ஆரம்பிக்கும். இதற்கு அழிய ஆரம்பித்திருந்தது. கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தால் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் தேய்ந்து கூராகி, உட்கன்னம் நெடுகக் கிழிந்து கிடந்தது. வாய்க்கு முன்னால் தரையில் எலுமிச்சம்பழ அளவில் பச்சை உருண்டைகள். பையன்கள் அதைச் சாணி என்று நினைத்துத் தினமும் பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். மென்று விழுங்க முடியாமல் அது துப்பிய புல் அது. வாய் முன்னால் புல்லுக்கட்டு கிடக்க, மாதக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறது அந்தப் பிராணி. வருடத்துக்கு ஒருமுறை அரம் போட்டுப் பல்லைத் தேய்த்துவிட்டிருந்தால் அது அந்தச் சாலையோரத்துக்கே வந்திருக்காது.

படுத்திருந்த பக்கம் இடுப்பு மேட்டில் தோல் போய் உள்சதை தெரிந்தது. வேப்பெண்ணெய் தடவியும் ஈ விடவில்லை. குதிரை நின்றபடியே தூங்குகிற பிராணி. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் அதன் எடையே அதன் சதையை நசுக்கிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், அதற்கு நாலு ஆள் வேண்டும், ராத்திரியும் வேண்டும். ஆரம்பத்தில் ஆள் இருந்தது. பணம் கேட்டு அவர்கள் போட்ட வீடியோ பழசானதும் இரண்டு பேர்தான் மிச்சம். இருவரும் கல்லூரிப் பையன்கள், பரீட்சை வேறு.

1962 என்கிற எண்ணுக்குப் போன் போட்டு, கால்நடை ஆம்புலன்ஸில் ஒரு டாக்டரம்மா வந்தார். டிரிப் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டுவிட்டு, இது இனி எழுந்திருக்காது, தூங்க வைத்துவிடுவதுதான் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார். பையன்கள் அழுதுவிட்டார்கள். "சார், காப்பாத்துறோம்னு சொல்லி காசு வாங்கியிருக்கோம், நாங்களே கொன்னா எங்கள என்ன சொல்வாங்க?" என்று கேட்டான் ஒருவன். அவன் பயந்தது நியாயம்தான். போனில் காட்டினான், துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஐந்நூறு, ஆயிரம் அனுப்பியவர்கள், 'எக்காரணம் கொண்டும் கருணைக்கொலை செய்யக்கூடாது' என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தப் புண்ணைப் பார்க்கப் போவதில்லை, அதன் நாற்றமும் அவர்களுக்கு வராது. குதிரை அதற்குப் பிறகும் பல நாள் கிடந்துதான் செத்தது. இதைச் செய்தியாக யாரும் போடவில்லை. போடக் கேட்டவர்களும் இல்லை.

உயிரை எடுக்க நாம் யார் என்று கேட்பார்கள். எழுந்திருக்க முடியாது, தீனி இறங்காது, வலி மருந்துக்கு அடங்காது என்று மூன்றும் சேர்ந்துவிட்ட பிராணியை வைத்துக்கொண்டிருப்பது யாருடைய புண்ணியத்துக்கு என்று நான் திருப்பிக் கேட்கிறேன். 1960ஆம் வருடத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவே, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்கிற நிலையில் உள்ள பிராணியை வலியில்லாமல் முடித்துவிட உத்தரவிட இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். பிராணிகளிடம் அவருக்கு இல்லாத இரக்கம் நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

குதிரைக்காரரைப் பிறகு மேலப்பாளையம் சந்தையில் பார்த்தேன். கல்யாணத்துக்கு சாரட் வண்டி விடுகிறவர். வில்லன் மாதிரி ஆள் இல்லை, வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். "அண்ணாச்சி, அது செத்தா குழி தோண்ட ஜேசிபி வாடகை குடுக்கணுமேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன். இந்தத் தம்பிகளா வந்து கையில காசு குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போனாங்க, நான் என்ன வேண்டாம்னா சொல்லுவேன்?" என்றார். அந்தக் காசோடு மேலே கொஞ்சம் போட்டு ஒரு இளங்குதிரை வாங்கிவிட்டார். சுழி பார்த்து, நடை பார்த்து வாங்கியது. அதற்குப் பல் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். ஆக, இரக்கப்பட்டுப் பலர் கொடுத்த பணத்தில் ஒரு கிழக் குதிரை பத்து மைல் தள்ளிச் செத்தது; இன்னொரு குதிரை அதே வண்டியில் பூட்டப்பட்டது. காசு கொடுத்து மீட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நாலு பேருக்கு இந்தச் சேதி பரவினால், கிழட்டுக் குதிரையைக் கூட்டம் பார்க்கிற இடமாகப் பார்த்து விட்டுவிட்டு வருவது ஒரு வழக்கமாகிவிடும்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். நம் ஊர் மட்டக் குதிரை ஒன்று 250 கிலோ இருக்கும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி என்று வைத்தால் நாளைக்கு 5 கிலோ காய்ந்த தீனி. பல் இல்லாததற்கு வைக்கோலும் தட்டையும் உதவாது. ஊறவைத்த தவிடு, அரைத்து வேகவைத்த கொள்ளு, பொடியாக நறுக்கிய பசும்புல் என்று குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். பூச்சி மருந்து, டெட்டனஸ் வராமல் போடும் டி.டி. ஊசி. என் கணக்கில் இன்றைய விலைக்கு நாளைக்கு 200 ரூபாய்க்குக் குறையாது, பார்த்துக்கொள்கிற ஆளின் கூலி சேர்க்காமல். வருடத்துக்கு 73 ஆயிரம். குதிரை 25, 30 வயது வரை இருக்கக்கூடியது. இருபதில் மீட்டு நன்றாகவே பார்த்துக்கொண்டால் இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கும். நாலு லட்சம். வீடியோ போட்ட முதல் வாரத்தில் வருகிற பணம் இதில் எத்தனை மாதத்துக்குக் காணும் என்று கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

சாரட்காரருக்கும் இதே கணக்குதான். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது, குதிரை தின்பது என்னவோ ஒரே அளவுதான். வண்டிக்குப் பூவும் சீரியல் பல்பும் போடக் காசு வாங்குகிறார், குதிரையின் கடைசிக் காலத்துக்கு என்று யாரிடமும் அவர் வாங்கியதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை.

குதிரையை வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விடும் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய வெனிஸ்காரர் மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதைச் சொல்கிறார். பாண்டிய மன்னர்கள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்களாம், வருட முடிவில் நூறு கூட மிஞ்சாதாம். வைத்தியம் தெரிந்த லாடக்காரர் இங்கே இல்லை. தங்கள் நாட்டில் இருப்பவர்களை வியாபாரிகள் வர விடவும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம் நடக்கும் என்கிறார். குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணம் கோயில் திருப்பணிக்குப் போன மாணிக்கவாசகர் கதையும் நமக்குத் தெரியும். குதிரைப் பணத்துக்கு இந்த நாட்டில் ராசி அப்படி!

லாடக்காரர் பஞ்சம் இப்போது இன்னும் மோசம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 6.25 லட்சம் குதிரை இருந்தது. 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சம்தான். குதிரை குறையக் குறைய, அதைத் தெரிந்த ஆளும் குறைகிறார். என்னோடு வேலை பார்த்த நல்ல நல்ல டாக்டர்களே குதிரை என்றால் ஒரு அடி தள்ளித்தான் நிற்பார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், நோயும் வயதும் உள்ள பிராணியை வேலை வாங்கினாலோ, பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போனாலோ 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்! பல பத்தாண்டுகளாக இது அப்படியே இருக்கிறது. ஐம்பது ரூபாய் அபராதத்துக்குப் பயந்து நாலு லட்சம் செலவு செய்கிற மனுஷன் எங்கே இருக்கிறான்? சரி, தெருவில் திரிகிற குதிரையை மாநகராட்சி பிடித்துப் பவுண்டு என்கிற பட்டியில் அடைத்தால்? 1871ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் குதிரையும் சேர்த்திதான். உரியவர் வராவிட்டால் ஏலம். கிழட்டுக் குதிரையை ஏலத்தில் எடுப்பவர் அதைக் கொஞ்சுவதற்கா எடுப்பார்?

ஆனால் அதே 1960 சட்டத்தில் 35ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இதைத்தான் யாரும் தொடுவதில்லை. வதைபட்ட பிராணியை மருத்துவமனைக் காப்பகத்துக்கு அனுப்பினால், கொண்டுபோகும் செலவும் தீனிச் செலவும் வைத்தியச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும், மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் கட்டண விகிதப்படி. வழக்கில் பிடித்த பிராணிகளின் பராமரிப்புச் செலவை வசூலிக்க 2017ல் தனி விதியே வந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் போக வேண்டிய திசை இது. அந்தப் பையன்கள் உரிமையாளருக்குக் கொடுத்தார்கள். சட்டப்படி அவர்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஏழை சாரட்காரரிடம் ஒரே நாளில் வசூலித்தால் அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும், அதுவும் தெரிகிறது. அதனால்தான் குதிரை சம்பாதிக்கிற காலத்திலேயே எடுத்து வைக்க வேண்டும் என்கிறேன். இது ஒன்றும் புதுமையில்லை. பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். வயலில் கடிபட்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பிழைத்து வந்தவர்கள் நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர்! களக்காட்டில் என் பக்கத்து வீட்டுக்காரரே ஒருவர். ஆய்வுக்கூடத்தில் பயன்படும் பிராணிகளின் பிற்காலப் பராமரிப்புச் செலவையும் ஆய்வுச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. ஆய்வுக்கூடத்துக்குச் சொன்ன அந்த நியாயத்தைக் கல்யாண ஊர்வலத்துக்கும், குதிரை வண்டி எல்கைப் பந்தயத்துக்கும், கடற்கரைச் சவாரிக்கும் சொன்னால் என்ன?

மாவட்டத்துக்கு ஒரு பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001 விதிகள் சொல்கின்றன. அந்தச் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கலாம். ஒரு ஊர்வலத்துக்கு நூறு ரூபாய், பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு தொகை. பந்தலுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற பெண் வீட்டாருக்கு இந்த நூறு கண்ணிலேயே படாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய பட்டியலில் விலங்கு நலனும் இருக்கிறது. கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் ஒருமுறைச் செலவு, அதை அவர்களிடம் கேட்கலாம். மாதச் செலவை அவர்களை நம்பி வைக்கக்கூடாது, அடுத்த மேனேஜர் வந்ததும் மரம் நடப் போய்விடுவார்கள்.

அந்தக் கணக்கிலிருந்து முதல் ரூபாய் எதற்குப் போக வேண்டும் என்பதில் என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள். கிழட்டுக் குதிரையின் தீனிக்கு அல்ல என்பேன். இன்று வண்டியில் பூட்டியிருக்கிற குதிரைகளின் பல்லுக்கும் குளம்புக்கும் போக வேண்டும். ஒரு கிழக் குதிரையை ஒரு வருடம் வைத்திருக்கிற காசில், மாவட்டத்து வண்டிக் குதிரைகள் அநேகத்துக்குப் பல் தேய்த்து, குளம்பு சீவி, டி.டி. ஊசியும் போட்டுவிடலாம். கேட்கக் கல்மனசாகத் தெரியும். அந்தப் பச்சை உருண்டைகளைப் பார்த்தவனுக்கு அப்படித் தெரியாது. ராமையன்பட்டியில் 2012லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒருநாள் அவர்கள் ஒரு முகாம் போட்டால் குதிரைக்காரருக்கும் லாபம், குதிரையைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பே கிடைக்காத மாணவர்களுக்கும் லாபம்.

மீட்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. உரிமையாளர் கையில் பணம் கொடுக்காதீர்கள், குதிரையை ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள். வாங்கிய பணத்துக்கு மாதாமாதம் கணக்கு போடுங்கள், செத்த குதிரையின் கணக்கையும் சேர்த்து. அப்புறம், லாரியில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் கேட்டு, எந்த நிலைக்குப் போனால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் கேட்கும்போதே அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டுக் கொடுக்காமல் போகிறவர்கள் போகட்டும்.

மனுஷனுக்கே பென்ஷன் இல்லாத நாட்டில் குதிரைக்குப் பென்ஷனா என்று என் மருமகனே கேட்டுவிட்டான். அரசாங்கப் பணத்தில் ஒரு பைசாவும் நான் கேட்கவில்லை. குதிரை சம்பாதித்த பணத்திலிருந்துதான் கேட்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மீட்புச் செய்தி போடுகிறபோது தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அந்தப் பிராணி எங்கே இருக்கிறது என்று உங்கள் நிருபரை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். நல்ல சேதியாக இருந்தால் முதல் பக்கத்திலேயே போடலாம்.

35ஆம் பிரிவின்படி கட்டண விகிதத்தை நிர்ணயிக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க இருக்கிறேன். சாரட் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கல்லூரிப் பையன்களில் ஒருவனும் வருகிறான். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் காலை பத்து மணிக்குக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.